மைத்துனனின் பித்தளைக் குழாய்

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பாலசமுத்திரத்து ஓவர்சியர் லெவல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார். அந்தப் பெட்டியை எனக்குக் கைப்பிடியை வைத்தே அடையாளம் தெரியும். ஆணி கழன்று தொங்கியபோது வேறு ஆணி அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

பெட்டியை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் என் தோளை அன்பாகத் தட்டிவிட்டு, பெட்டியோடு என்னைக் கடந்து உள்ளே போனார்.

"மச்சினன் இருக்காருங்களா? குழாய்ல ஒருக்கா பாத்துட்டாப் போதுங்க. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்."

நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்றால் தலையைச் சொறிந்துகொண்டேன். இன்னொன்றை இடுப்பில் வைத்தேன். என் பட்டறை, என் வாசல், என் பெயர் எழுதிய பலகை. அதன் கீழே வேலையற்றவன் மாதிரி நின்றேன்.

வயிறு எரிந்தது என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு எரிந்தது வயிறு இல்லை, காது. இரண்டு காதும் சுட்டன.

போன வாரம் இதே பத்தியில், பூட்டுப் பட்டறையாக இருந்ததை லெவல் பட்டறையாக மாற்றிய கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், அந்தக் காலத்தில் உங்களுக்குப் போட்டியே கிடையாதா என்று கேட்டார். ஏன் இல்லாமல்? இருந்தது. என் வீட்டிலேயே இருந்தது. என் பெண்டாட்டி வைத்த வெஞ்சனத்தை எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தது.

முளை பார்ப்பது

லெவல் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று காலில் நிற்கும் தூரக்கண்ணாடி, அவ்வளவுதான். உள்ளே குறுக்காக மெல்லிய கோடு ஒன்று ஓடும். தூரத்தில் ஓர் ஆள் அளவு போட்ட நெட்டைக் கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். கோடு அந்தக் கோலில் எந்த அளவில் விழுகிறது என்று பார்த்தால், இது மேடு, அது பள்ளம் என்று சொல்லிவிடலாம். கால்வாயோ ரோடோ, இதில் பார்க்காமல் ஒரு மண்வெட்டி மண்ணை எடுக்க மாட்டார்கள்.

கோடு மட்டமாக இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கி, வெயிலில் நின்று நின்று, கோடு ஓர் இழை ஏறிவிடும், அல்லது இறங்கிவிடும். மேலே இருக்கும் ரசமட்டக் குமிழ் நடுவில்தான் நிற்கும். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் கருவி பொய் சொல்லும்.

அந்தப் பொய்யைப் பிடிக்கிற வேலைக்கு முளை பார்ப்பது என்று பெயர். வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் தண்ணீர் வற்றிப்போன குளம் ஒன்று கிடந்தது. அதில் தள்ளித் தள்ளி இரண்டு முளை அடித்து வைத்திருந்தேன். முதலில் லெவலை இரண்டு முளைக்கும் சரி நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால், கருவி இந்தப் பக்கம் எவ்வளவு பொய் சொல்கிறதோ அதே அளவுதான் அந்தப் பக்கமும் சொல்லும். ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஆகவே அப்போது கிடைக்கும் வித்தியாசம் நிஜம். பிறகு கருவியை ஒரு முளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திரும்பப் பார்த்தால், அதே வித்தியாசம் வர வேண்டும். வராவிட்டால் கருவி பொய்யன். திருகைத் தொட்டு, கோட்டை நகர்த்தி, வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். ஏறிவிட்டால் கானலில் கோல் நெளியும். மழை பெய்தால் வேலை இல்லை. காற்று அடித்தால் வேலை இல்லை. ஒரு லெவலுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும்.

கோல் பிடிப்பது என் மனைவி பாக்கியம். கல்யாணம் ஆன புதிதில், வீட்டில் எல்லாரும் இருக்க அவளோடு நான்கு வார்த்தை பேச இடம் கிடையாது. கோல் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோலை நெஞ்சோடு அணைத்து, அசையாமல் நிற்பாள். அந்தக் காலத்து லெவலில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். பாக்கியமும் தலைகீழாக நிற்பாள். வானம் கீழே, குளம் மேலே, நடுவில் கால் மேலாக என் பெண்டாட்டி. அளவைக் குறித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னும் முடியலையா, கை வலிக்கிது" என்று அங்கிருந்து கத்துவாள். குமிழ் நிற்கவில்லை என்று பொய் சொல்வேன்.

மதுரைக்கும் திருச்சிக்கும் நடுவில் என்னை விட்டால் முளை பார்க்க ஆள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். மற்றவர்களும் சொன்னார்கள். கோதண்டம் கண்ணு தப்பாது என்றார்கள். எனக்குப் படிப்பு கிடையாது, நிலம் கிடையாது. கண் ஒன்றுதான் சொத்து.

வந்து சேர்ந்தான் சௌந்தரம்

பாக்கியத்தின் தம்பி சௌந்தரம் பெங்களூரில் ராணுவத்துக் கருவிகள் பழுது பார்க்கும் இடத்தில் வேலையில் இருந்தான். அங்கே ஆட்குறைப்பு வந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். ஒல்லியான உடம்பு. அதிகம் பேச மாட்டான். கோபம் வராது. எதிலாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் இடம் கொடுக்காத பிள்ளை.

வந்த சில மாதத்தில், பின்னால் இருந்த உள்ளறையை ஒழித்துத் தர முடியுமா என்று கேட்டான். ஒழித்துக் கொடுத்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழாயைத் தேடிப் பிடித்தான். கோணம் அளக்கிற தியோடலைட் ஒன்று உடைந்து கிடந்தது, அதில் இருந்த பெரிய லென்ஸை அதன் ஒரு முனையில் பொருத்தினான். மறுமுனையில் சிலந்தி நூலைக் குறுக்காக ஒட்டி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன பல்பை எரியவிட்டான். சிலந்தி நூலுக்காகக் கூரை மூலையெல்லாம் அவன் குச்சியோடு அலைந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். குழாயைச் சுவரில் ஒரு தேக்குச் சட்டத்தில் நீட்டி வைத்தான். எதிரே லெவல் வைக்க ஒரு கல்தூண்.

"பாருங்க அத்தான்" என்றான்.

லெவலில் கண்ணை வைத்தேன். கறுப்பாக, துல்லியமாக, ஆடாமல் ஒரு கோடு நின்றது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குழாய்க்குள் இருந்த நூல், பார்வைக்கு அடிவானத்துக்கு அப்பால் இருப்பது போலத் தெரிந்தது. லென்ஸின் வேலை அது என்று விளக்கினான். அந்தக் கோடும் லெவலின் கோடும் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் கருவி யோக்கியம். விலகி நின்றால் பொய்யன். குளம் வேண்டாம், முளை வேண்டாம், வெயில் மழை பார்க்க வேண்டாம். ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

கோல் பிடிக்கவும் ஆள் வேண்டாம்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது யாரிடமும் சொல்லி எடுபடவில்லை. அந்தக் குழாயை எதை வைத்து மட்டமாக்கினான்? குழாய்க்குத் தானாகத் தெரியுமா மட்டம்? என்னுடைய லெவலை வைத்துத்தான். "அத்தான், உங்க லெவலை நல்லா முளை பாத்துத் தாங்க, அதுக்கு ஒட்டுனாப்பல குழாயை வெச்சிருவோம்" என்று கேட்டான். விடிவதற்கு முன்பே குளத்துக்குப் போய், என் கண்ணே நோகும்படி பார்த்துக் கொடுத்தேன். அந்தக் குழாய்க்குள் இருந்தது என் கண். வெளியே வழங்கியது அவன் பெயர்.

கருவிகளின் கண்ணாஸ்பத்திரி

சேதி பரவ அதிக நாள் ஆகவில்லை. ரோடு போடுகிறவர்கள், பாலம் கட்டுகிறவர்கள், கொடைக்கானல் மலையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் பெட்டியோடு வந்தார்கள். யாரோ வேடிக்கையாகக் கருவிகளுக்குக் கண்ணாஸ்பத்திரி என்று பெயர் வைத்தார்கள். அதை நம்பி, சந்தைக்கு வந்த ஒரு பெரியவர் கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று வந்து கல்தூண் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சௌந்தரம் அவரைக் கைபிடித்து நிஜ ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தான். அதற்கும் சேர்த்து ஊர் அவனைப் புகழ்ந்தது.

எனக்குக் கைப்பிடி ஆணி அடிப்பது, கால் திருகுக்கு எண்ணெய் விடுவது போன்ற வேலைகள் மிஞ்சின. பாக்கியத்துக்குத் தம்பி என்றால் பெருமை தாங்கவில்லை. தெருவில் யார் நின்றாலும் உள்ளே கூப்பிட்டுக் குழாயைக் காட்டுவாள். எனக்குச் சோறு போடும்போதே அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எப்போதாவது பழக்க தோஷத்தில், நாளைக்குக் குளத்துக்கு வாரியா என்று கேட்டால், "அதான் குழாய் இருக்கே" என்பாள்.

குழாய் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவில்லை. அப்படி வேண்டியிருந்தால் இங்கே எழுதியிருப்பேன். ஆனால் தினமும் ஒரு முறை உள்ளறைக்குப் போய் அதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் மேலே சொன்ன ஜீப் வந்தது, நான் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நின்றது எல்லாம்.

சேராத இரண்டு முனைகள்

பாலசமுத்திரத்து ஓவர்சியர் பழனி மலையடிவாரத்தில் ஒரு கால்வாய்க்கு மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கோஷ்டி, இரண்டு லெவல். ஒரு கோஷ்டி மேல்முனையிலிருந்தும் இன்னொன்று கீழ்முனையிலிருந்தும் அளந்துகொண்டு வந்து நடுவில் சந்திக்க வேண்டும். இரண்டு லெவலையும் சௌந்தரம்தான் குழாயில் பார்த்துக் கொடுத்தான். ஒன்றை ஒரு வியாழக்கிழமை, மற்றதை ஒரு சனிக்கிழமை.

இரண்டு கோஷ்டியும் நடுவில் சந்தித்தபோது கணக்குச் சேரவில்லை. ஒரே கல்லை ஒருவர் மேடு என்றார், மற்றவர் பள்ளம் என்றார். சமவெளியாக இருந்தால் முன்னும் பின்னும் சம தூரம் வைத்துப் பார்த்துச் சமாளித்திருப்பார்கள். மலையடிவாரத்தில் அதற்கு வழி இல்லை. கருவி சொன்ன சின்னப் பொய் ஏறிக்கொண்டே போய்விட்டது. அந்தக் கணக்கை நம்பி வெட்டியிருந்தால் கடைசி ஊர்களுக்குத் தண்ணீர் போயிருக்காது.

ஓவர்சியர் இரண்டு பெட்டியோடும் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. சௌந்தரம் இரண்டையும் கல்தூணில் வைத்துப் பார்த்தான். ஒன்று ஒட்டியது, மற்றது விலகி நின்றது. ஜீப்பில் அடிபட்டிருக்கும் என்றான். அவனுக்கே அது நிச்சயம் இல்லை என்று குரலில் தெரிந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். குழாய்தான் பொய் சொல்கிறது, இரண்டையும் குளத்துக்குக் கொண்டுவாருங்கள், நான் காட்டுகிறேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொண்டாட்டமாக இருந்தது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓவர்சியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும்ங்க. அதைக் கொண்டாந்து எங்க கால்வாய் மேல காட்டாதீங்க" என்றார்.

சௌந்தரம் தரையைப் பார்த்தான். பாக்கியம் கதவோரம் நின்றிருந்தாள். அவளும் தரையைப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வருவதாகவும், அதற்குள் காரணம் தெரியாவிட்டால் இனிமேல் கருவிகளையெல்லாம் சென்னைக்கு அனுப்பிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டு ஓவர்சியர் போனார். பட்டறை போனால் போகட்டும் என்றுகூட அந்த நேரம் இருந்தது. ஆனால் கோதண்டம் கண்ணு தப்பாது என்று பேர் வாங்கிய ஊரில், கோதண்டம் பொறாமையில் பொய் சொல்கிறான் என்று ஆகிவிட்டதே. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் கண் சரி என்று அந்த மனிதர் வாயால் சொல்ல வேண்டும், சௌந்தரம் அதைக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் என் லெவலைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போனேன். கோல் பிடிக்க ஆள் இல்லை. கோலை ஒரு மூங்கிலோடு கட்டி நட்டு, அங்கும் இங்கும் நானே ஓடினேன். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லெவல் சுத்தம் என்று நிச்சயமானதும், அப்படியே தூக்கிவந்து உள்ளறைக் கல்தூணில் வைத்துக் குழாயைப் பார்ப்பேன்.

குழாயின் கோடு விலகித்தான் நின்றது. அது மட்டுமில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை மேலே ஏறி, ஏறி, என் லெவலின் கோட்டை நெருங்கிக்கொண்டே வந்தது. தானாகப் பிசகுகிற கருவியைப் பார்த்திருக்கிறேன். தானாகத் திருந்துகிற கருவியைப் பார்த்ததில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. கோடும் கோடும் ஏறக்குறைய ஒட்டியிருந்தன. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளறைக்குள் வந்தாள். சாம்பிராணி வாசனையும் ஈர முடி வாசனையும் வந்தன. அவள் குழாய்ப் பக்கம் போனது தெரிந்தது.

கோடு மெல்ல இறங்கியது.

யாரும் எதையும் தொடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் கண்ணுக்கு முன்னாலேயே, நிதானமாக இறங்கிப்போய் நின்றது. தலையை நிமிர்த்தினேன். குழாயின் லென்ஸ் முனைக்குப் பின்னால், பித்தளை வளையத்தில், பாக்கியம் கறுப்புக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றில் புது எலுமிச்சம்பழமும் நாலைந்து பச்சை மிளகாயும் தொங்கின. அவள் இடது கையில் போன வாரத்துப் பழம், கறுத்துச் சுருங்கிப்போய் இருந்தது.

எங்கள் பட்டறையில் எல்லாவற்றுக்கும் எலுமிச்சம்பழம் உண்டு. லேத்துக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று, நிலைப்படிக்கு ஒன்று. வெள்ளிக்கு வெள்ளி பாக்கியம் மாற்றுவாள். வருஷக்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் எனக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. சௌந்தரத்துக்கும் அப்படித்தான்.

"அதைக் கழட்டு" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். லெவலில் கண்ணை வைத்தேன். கழற்றினாள். கோடு ஏறியது, என் கோட்டோடு வந்து அட்டையாக ஒட்டிக்கொண்டது. திரும்பக் கட்டச் சொன்னேன். இறங்கியது. சாறு நிறைந்த புதுப்பழம் தேக்குச் சட்டத்தை ஓர் இழை வளைத்தது. வாரம் முழுக்கப் பழம் காயக் காய எடை குறைந்து, சட்டம் நிமிர்ந்தது. வியாழக்கிழமை பார்த்த லெவல் கிட்டத்தட்ட யோக்கியம். சனிக்கிழமை பார்த்தது பொய்யன்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் லெவலை அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கண் சரி. என் கண் சரியாகத்தான் இருக்கிறது. ஓவர்சியர் முகத்தில் கரி. திங்கட்கிழமை வரட்டும்.

உள்ளறையில் யார் கண்?

சந்தோஷம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஒன்று தோன்றியது. லேத் தெருவைப் பார்த்து இருக்கிறது. கல்லா வாசலில் இருக்கிறது. அங்கெல்லாம் போகிற வருகிறவர்கள் கண் படும். குழாய் இருப்பது உள்ளறையில். பாக்கியம் கூட்டிவந்து காட்டுகிறவர்களும் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். குழாய் வந்து மாதக்கணக்கில் கயிறு எதுவும் கட்டியதாக நினைவில்லை.

"இதுக்கு எப்பருந்து கட்டுற?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு ஜீப்பு வந்து, நீங்க வாசல்ல கையை நீட்டிக்கிட்டு நின்னீங்கல்ல. அந்த வெள்ளிக்கெழமையில இருந்து."

"இங்க உள்ளுக்குள்ள யாரு கண்ணு படப்போகுது?"

பாக்கியம் பழைய பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க கண்ணுதான். நீங்க தெனம் இங்க வந்து அதைப் பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா? தம்பி பொழைக்கணும்ல."

அவள் குரலில் சண்டை இல்லை. உப்புக் குறைவு என்று சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வருஷம் நான் அவளைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை நேராகவே பார்த்திருக்கிறாள்.

என் கண் படக்கூடாது என்று கட்டிய பழத்தால்தான் குழாய் கெட்டது. அப்படியானால் என் கண் பட்டே விட்டது என்றுதானே அர்த்தம்? இதை நினைத்து இப்போது சிரிக்க முடிகிறது. அன்றைக்கு முடியவில்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணக்குப் போட்டேன். பழத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்தால் குழாய் என்றென்றும் நிஜம் சொல்லும். சௌந்தரம் ஜெயித்துவிடுவான். நான் ஊர் அறிந்த பொறாமைக்காரனாகவே சாவேன். உண்மையைச் சொன்னால் என் கண் ஜெயிக்கும். ஆனால் அந்தப் பழத்தை எதற்குக் கட்டினீர்கள் என்ற கேள்வி வரும். கட்டிய பெண்டாட்டியே என் கண்ணுக்குப் பயந்தாள் என்று பதில் சொல்ல வேண்டும். அவளும் தம்பி முன்னால் நிற்க வேண்டும்.

பழத்தைக் கட்டிய இடத்திலேயே விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை

ஓவர்சியர் சொன்னபடி வந்தார். சௌந்தரத்திடம் காரணம் தெரிந்ததா என்று கேட்டார். தெரியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சௌந்தரம் சொன்னான். அவன் கண்கள் சிவந்திருந்தன. குழாயைக் கழற்றி வைத்துவிடுவதாகவும் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதைக் கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

ஓவர்சியரை உள்ளறைக்குக் கூப்பிட்டு என் லெவலில் கண்ணை வைக்கச் சொன்னேன். குழாயிலிருந்து எலுமிச்சம்பழத்தைக் கழற்றினேன்.

"ஏறுதுங்க" என்றார். கட்டினேன். "எறங்குதுங்க" என்றார். இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அதை ஆற அமர அனுபவித்தேன்.

"உங்க கண்ணு சரிதானுங்க மேஸ்திரி" என்றார். "ஆனா உள்ளறையில இதை எதுக்குங்க கட்டுனீங்க? இங்க யாரு கண்ணு படப்போகுது?"

பாக்கியம் காபியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சௌந்தரம் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"என் கண்ணுதான் சார்" என்றேன். "மச்சினன் பேரு வாங்குறதைப் பாத்து எனக்குப் பொறுக்கல. என் கண்ணு பட்டுரக் கூடாதேன்னு நாந்தான் கட்டச் சொன்னேன்."

ஓவர்சியர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பழனி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போயிருப்பார். போகும்போது, இனி குழாயில் பார்த்த கருவியையும் என்னிடம் ஒரு முறை காட்டித்தான் வாங்கிக்கொள்வோம் என்றார். காபியைக் குடிக்க மறந்துவிட்டார்.

ஜீப் போன பிறகு சௌந்தரம் லேத் பக்கம் வந்து நின்றான். அக்காதானே கட்டியது என்று கேட்டான். நான் சொல்லித்தான் கட்டினாள் என்றேன். லேத்தில் கிடந்த பித்தளைச் சுருளை எடுத்து விரலில் சுற்றினான்.

"நீங்க எங்கூடப் பேசாம இருந்ததுக்கு, என்னை ஒண்ணுக்கும் ஒதவாதவன்னு நெனைக்கிறீங்கன்னு இருந்தேன் அத்தான். பொறாமைதான்னு தெரிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

இப்படி ஒரு பதிலைச் சொல்கிறவனை என்ன செய்ய முடியும்? போய் வேலையைப் பார் என்றேன்.

போய் வேலையைத்தான் பார்த்தான். அந்த வாரத்துக்குள் தேக்குச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கல்லில் இரும்பு பதித்தான். இன்னொரு குழாய் செய்தான். இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க வைத்தான். ஒன்று பிசகினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும், எலுமிச்சம்பழம் கற்றுக்கொடுத்த பாடம் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அப்படி ஒன்றை நான் ஜென்மத்துக்கும் யோசித்திருக்க மாட்டேன். ஓவர்சியர் பெரிய அதிகாரி ஒருவரையே கூட்டிவந்து காட்டினார். அந்த அதிகாரி சௌந்தரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற என்னிடம், தண்ணீர் இருந்தால் கொடுங்கள் என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாக்கியம் தலைக்குக் குளித்துவிட்டுப் பழமும் மிளகாயுமாக வந்தாள். லேத்துக்குக் கட்டினாள். கல்லாவுக்குக் கட்டினாள். நிலைப்படிக்கும் கட்டினாள். உள்ளறைப் பக்கம் போகவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாளைக்குக் குளத்துக்குப் போகிறதாக இருந்தால் நானும் வாரேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் என்னை நம்ப ஆரம்பித்திருந்தாள்.

நான் உள்ளறைக்குள் போய் நின்று இரண்டு குழாய்களையும் பார்த்தேன். இங்கேயும் ஒரு பழம் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரியும்.